சல்லியன் கொடுத்த இரண்டு வாக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மகாபாரதத்தில் மனசு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று நின்ற வீரன் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று கர்ணன் பெயரைச் சொல்வார்கள். சிலர் பீஷ்மரைச் சொல்வார்கள், சிலர் துரோணரை. நான் இன்று பேச வந்திருப்பது அந்தக் கர்ணனின் தேரிலேயே, அவனுக்கு முன்னால் கடிவாளத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனைப் பற்றி. மத்ர நாட்டு அரசன் சல்லியன்.

சல்லியன் பேச்சு வந்தாலே இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். விருந்துக்கு விலைபோனவன் என்பது ஒன்று. கூட இருந்தே குழி பறித்தவன் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வியாசர் பாரதத்தில் அவன் வருகிற இடங்களை வரிசையாகப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறான். அவன் இரண்டு பக்கத்துக்கும் வாக்குக் கொடுத்தான். இரண்டையும் காப்பாற்றினான். வாக்குத் தவறிக் கெட்டவர்களின் கதை நமக்குப் பழக்கம். கொடுத்த வாக்கையெல்லாம் காப்பாற்றியே கெட்டவன் இவன். அதுவும், அதற்கான விலையை முதலில் கொடுத்தது அவன்கூட இல்லை.

உறவு முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாண்டுவின் இரண்டாவது மனைவி மாத்ரி சல்லியனின் தங்கை. அவளைப் பெண் கேட்டு பீஷ்மர் மத்ர நாட்டுக்குப் போகிறார். பெண்ணைக் கொடுக்கப் பரிசம் வாங்குவது அந்தக் குலத்தின் வழக்கம். அதைச் சொல்ல சல்லியனுக்குக் கூச்சம். 'நல்லதோ கெட்டதோ, எங்கள் முன்னோர் வைத்த வழக்கம் இது, என்னால் மீற முடியாது' என்கிறான். பீஷ்மர் சிரித்த முகத்தோடு பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொடுத்து மாத்ரியை அழைத்து வருகிறார். 'நல்லதோ கெட்டதோ மீற முடியாது' என்ற அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சல்லியனின் மொத்தக் குணமும் அதில் இருக்கிறது. ஒன்றுக்குக் கட்டுப்பட்டுவிட்டால், அது சரியா தப்பா என்று அப்புறம் கேட்க மாட்டான்.

மாத்ரியின் பிள்ளைகள் நகுலனும் சகாதேவனும். பாண்டு இறந்ததும் மாத்ரி அவனுடைய சிதையில் ஏறிவிட்டாள். குந்திதான் இரட்டையரை வளர்த்தாள். ஆக சல்லியன் அவர்களுக்குத் தாய்மாமன். தருமனுக்கும் பீமனுக்கும் அர்ஜுனனுக்கும் அதே முறைதான்.

சரி, போர் வருகிறது. மருமக்களுக்கு உதவ சல்லியன் புறப்படுகிறான். ஒரு அக்குரோணிப் படை. கணக்காகச் சொன்னால் 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். இவ்வளவு பெரிய படை வேகமாக நகர முடியாது. நின்று நின்றுதான் வருகிறது. செய்தி துரியோதனனுக்குப் போகிறது. அவன் தடுக்கவில்லை, மிரட்டவில்லை, தூது விடவில்லை. சல்லியன் வரும் வழியெங்கும் மண்டபங்கள் கட்ட ஏற்பாடு செய்கிறான். அழகான இடங்களில், மணிகள் பதித்து, கிணறு வெட்டி, உணவும் பானமும் மாலைகளும் வைத்து, உபசரிக்க ஆள் நிறுத்தி. ஒவ்வொரு மண்டபத்திலும் சல்லியனைத் தேவனைப் போல் கொண்டாடுகிறார்கள். 'இந்திரன்கூட எனக்குக் கீழேதான்' என்று அவன் நினைக்கத் தொடங்கிவிட்டான் என்று வியாசர் சொல்கிறார்.

'தருமனின் ஆட்கள் யாரப்பா இதைச் செய்தது? கூப்பிடுங்கள், பரிசு கொடுக்க வேண்டும்' என்கிறான். பணியாட்கள் துரியோதனனிடம் ஓடிப் போய்ச் சொல்கிறார்கள். மறைவாக நின்றிருந்த துரியோதனன் அப்போதுதான் மாமனின் முன்னால் வந்து நிற்கிறான். உண்மை தெரிந்த அந்த நொடியில் சல்லியன் கோபப்பட்டிருக்கலாம். அவனோ துரியோதனனைக் கட்டிக்கொண்டு, 'உனக்கு என்ன வேண்டும், கேள்' என்கிறான். 'என் படைக்கு நீங்கள் தலைமை தாங்க வேண்டும்.' 'தந்தேன். வேறென்ன?'

விருந்துக்கு விலைபோனான் என்று இந்த இடத்தை வைத்துத்தான் சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அக்குரோணிக்கு அதிபதி, மத்ர நாடு முழுவதும் அவனுடையது, அவனுக்குச் சோறு புதிதா? அவனை வாங்கியது மரியாதை. உபசரித்தவன் யாராக இருந்தாலும் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. துரியோதனன் ஆளின் குணத்தை மிகச் சரியாக எடைபோட்டிருந்தான். இவன் ஒருமுறை 'தந்தேன்' என்று சொல்லிவிட்டால் போதும்.

சொல்லிவிட்டு சல்லியன் என்ன செய்கிறான்? நேரே உபப்லாவ்யத்துக்குப் போகிறான், பாண்டவர்கள் தங்கியிருந்த ஊருக்கு. மருமக்களைக் கட்டிக்கொள்கிறான், அவர்கள் பட்ட கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் சொல்கிறான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறான். ஒளிக்கவில்லை. இதற்காகவே அவன் மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டு.

தருமன் கேட்டுவிட்டு, 'நீங்கள் செய்தது நல்லதுதான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்' என்கிறான். அடுத்துதான் கதையின் மிக வேதனையான வேண்டுகோள் வருகிறது. 'மாமா, ஒன்று கேட்கிறேன். செய்யத் தகாத காரியம்தான். ஆனாலும் எங்களுக்காகச் செய்ய வேண்டும். தேர் ஓட்டுவதில் நீங்கள் கிருஷ்ணனுக்கு இணை. கர்ணனும் அர்ஜுனனும் மோதும்போது கர்ணனின் தேரை நீங்கள்தான் ஓட்ட வேண்டி வரும். அப்போது அர்ஜுனனைக் காப்பாற்றுங்கள். பேசிப் பேசியே கர்ணனின் ஊக்கத்தைக் கொன்றுவிடுங்கள்.'

செய்யத் தகாத காரியம் என்பதை வேறு யாரும் சொல்லவில்லை, தருமனே சொல்கிறான். தெரிந்தே கேட்கிறான். 'துரியோதனனுக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்' என்று கேட்டிருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். அங்கேயே இருங்கள், ஆனால் எங்களுக்காக இருங்கள் என்று கேட்கிறான். சல்லியன் இதற்கும் 'தந்தேன்' என்கிறான். கர்ணனுக்குப் பிடிக்காததையும் கெடுதலானதையும் பேசி அவன் கர்வத்தை ஒடுக்குவதாக வாக்குக் கொடுக்கிறான்.

அதோடு அவன் கிளம்பிவிடவில்லை. 'துன்பம் தேவர்களுக்கும் வரும், இந்திரனே பட்டிருக்கிறான்' என்று தருமனுக்கு ஆறுதலாக ஒரு நீண்ட கதை சொல்கிறான். இந்திரன் விருத்திராசுரனோடு சமாதானம் செய்துகொண்ட கதை. ஈரமானதாலும் உலர்ந்ததாலும், கல்லாலும் மரத்தாலும், ஆயுதத்தாலும், பகலிலும் இரவிலும் என்னைக் கொல்லக் கூடாது என்று விருத்திரன் வரம்பு கட்டுகிறான். இந்திரன் ஒத்துக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் கடற்கரையில் அந்தி நேரம், பகலும் இல்லை இரவும் இல்லை. கடலில் மலைபோல் நுரை, ஈரமும் இல்லை உலர்ந்ததும் இல்லை. அந்த நுரையை எறிந்து கொல்கிறான். வாக்கின் எழுத்து ஒன்றுகூட மீறப்படவில்லை. ஆனால் கொன்ற பிறகு பொய்யின் பாரமும், முன்பே செய்திருந்த பிரம்மஹத்தியும் சேர்ந்து அழுத்த, தேவராஜன் ஓடிப்போய் நீருக்குள் ஒளிந்துகொள்கிறான். கடைசியில் அவனைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தாமரைத் தண்டுக்குள்.

வாக்கை எழுத்தளவில் காப்பாற்றி உள்ளளவில் கொன்றவனின் கதையை, இப்போதுதான் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்த ஒருவன் உட்கார்ந்து சொல்கிறான். தான் யாருடைய கதையைச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்ததா? வியாசர் வாய் திறக்கவில்லை. தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் அடுத்து நடந்ததற்கு அவன் கொஞ்சமாவது தயங்கியிருப்பான்.

போர் தொடங்குகிறது. போர்க்களத்தில் சல்லியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் இல்லை. முதல் நாளே விராடனின் மகன் உத்தரன் இவன் எறிந்த வேலால்தான் சாகிறான். அபிமன்யுவின் மைத்துனன் அந்த உத்தரன். இந்தப் பக்கம் சல்லியனின் மகன் ருக்மரதனைச் சக்கரவியூகத்துக்குள் அபிமன்யு கொல்கிறான். உறவுக்குள்ளேயே வெட்டிக்கொள்கிறார்கள். பீஷ்மர் பத்து நாள், துரோணர் ஐந்து நாள். பிறகு கர்ணன் தளபதியாகிறான்.

பதினேழாம் நாள். தேரோட்டியாக சல்லியன் வேண்டும் என்று கர்ணனே கேட்கிறான். வில்லில் நான் அர்ஜுனனுக்குக் குறைந்தவன் இல்லை, ஆனால் கிருஷ்ணனுக்கு நிகரான சாரதி என்னிடம் இல்லை என்கிறான். துரியோதனன் போய்க் கேட்டதும் சல்லியனுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது கோபம். 'நான் அரசன். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு நான் தேரோட்டியா? ஊருக்குக் கிளம்புகிறேன்' என்கிறான். இந்தக் கோபம் நடிப்பில்லை என்றே நினைக்கிறேன். தருமனுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேற வேண்டுமென்றால் அவன் இந்தத் தேரில் ஏறியாக வேண்டும். ஆனாலும் அரச கௌரவம் முந்திக்கொள்கிறது. துரியோதனன் பழைய மருந்தையே எடுக்கிறான். நீங்கள் கிருஷ்ணனைவிடப் பெரியவர், திரிபுரம் எரிக்கப் போன சிவனுக்குப் பிரம்மாவே தேரோட்டினார், சாரதி என்பது சிறுமை இல்லை என்கிறான். சல்லியன் குளிர்ந்துபோகிறான். ஒரே ஒரு நிபந்தனை: 'தேரில் நான் என் மனம்போல் பேசுவேன். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.' கர்ணனும் ஒத்துக்கொள்கிறான்.

தேர் கிளம்புகிறது. அந்தத் தேரில் இருக்கும் இருவரையும் பாருங்கள். பின்னால் நிற்பவன் பாண்டவர்களின் மூத்த அண்ணன். முன்னால் இருப்பவன் பாண்டவர்களின் மாமன். பின்னால் நிற்பவன் அர்ஜுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்ல மாட்டேன் என்று குந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். முன்னால் இருப்பவன் பின்னால் நிற்பவனை உடைப்பேன் என்று தருமனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். ஒருவன் கொடுத்த வாக்கு மற்றவனுக்குத் தெரியாது. இரண்டுமே துரியோதனனுக்குத் தெரியாது. கௌரவர்களின் கடைசி நம்பிக்கை இந்தத் தேர்! மகாபாரதத்தில் இதைவிட ஒரு கூர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

'அர்ஜுனன் எங்கே, காட்டுகிறவனுக்குப் பொன் தருவேன், ஊர் தருவேன்' என்று கர்ணன் முழங்குகிறான். சல்லியன் சிரிக்கிறான். ஒரு கதை சொல்கிறான். கடற்கரை ஊரில் ஒரு செல்வந்தனான வைசியன். அவன் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைத் தின்று கொழுத்த காக்கை ஒன்று. வானில் போகிற அன்னங்களைப் பார்த்து, எனக்கு நூற்றியொரு விதமாகப் பறக்கத் தெரியும், வா பார்க்கலாம் என்கிறது. கடலுக்கு மேலே போனதும் இறங்க மரமில்லை, திட்டில்லை. சிறகு ஓய்ந்து நீரில் மூழ்கப் போகிறது. 'நூற்றியொன்றில் இது எந்த விதம்?' என்று அன்னம் கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் விடுகிறது. நீயும் கௌரவர்களின் எச்சிலில் வளர்ந்தவன்தான் கர்ணா, அர்ஜுனன் அன்னம், நீ காக்கை என்று முடிக்கிறான்.

கதை நல்ல கதை. ஆனால் சொல்பவன் யார்? துரியோதனனின் மண்டபங்களில் உண்டு மகிழ்ந்ததால் இந்தப் பக்கம் வந்தவன். 'அவன் சோற்றைத் தின்றவன்' என்று இன்னொருவனை ஏளனம் செய்ய அந்தக் களத்தில் இவனைவிடத் தகுதியில்லாதவன் இல்லை. கர்ணன் பதிலுக்கு மத்ர நாட்டையே நாறடிக்கிறான், இவன் அங்க நாட்டை இழுக்கிறான். துரியோதனன் நடுவில் புகுந்து கையைப் பிடித்து இருவரையும் சமாதானப்படுத்த வேண்டி வருகிறது. எதிரி இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் கர்ணனுக்குத் தான் வாங்கிய சாபங்கள் நினைவுக்கு வருகின்றன. பரசுராமரின் சாபம், பசுவை இழந்த அந்தணரின் சாபம் இரண்டையும் சல்லியனிடமே வாய்விட்டுச் சொல்கிறான். தருமன் கேட்டது நடக்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் சல்லியனை முழுக்க வில்லனாக எழுதிவிட வியாசர் விடவில்லை. தருமனையும் இரட்டையரையும் கர்ணன் அடித்து நெருக்கிய நேரத்தில், 'அங்கே பார், துரியோதனன் பீமனிடம் மாட்டிக்கொண்டான், முதலில் அவனைக் காப்பாற்று' என்று கர்ணனைத் திசை திருப்புகிறான். துரியோதனனுக்கு ஆபத்து என்பது பொய்யில்லை. மருமக்களும் பிழைத்தார்கள். ஒரே வார்த்தையில் இரண்டு வாக்கும் நிறைவேறிய இடம் இது ஒன்றுதான்.

துச்சாதனனைப் பீமன் கொன்று ரத்தம் குடித்தபோது கர்ணனே ஆடிப்போகிறான். அப்போது சல்லியன் ஏளனம் செய்திருக்கலாம், வாக்குப்படி அதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவன் தேற்றுகிறான். 'கலங்காதே, துரியோதனன் உன்னைத்தான் நம்பியிருக்கிறான், ஜெயித்தால் புகழ், தோற்றால் சொர்க்கம், அர்ஜுனனை எதிர்கொள்' என்கிறான். பிறகு அர்ஜுனனை நேருக்கு நேர் பார்த்தபோது கர்ணன் கேட்கிறான்: 'நண்பா, நான் இன்று செத்தால் நீ என்ன செய்வாய்?' 'ஒற்றைத் தேரில் போய் கிருஷ்ணனையும் அர்ஜுனனையும் கொல்வேன்' என்கிறான் சல்லியன். காலையில் காக்கை என்று சொன்ன அதே வாய். மனிதர்கள் ஒரே தேரில் ஒரு பகல் முழுக்கச் சாவைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஏதோ ஒன்று மாறத்தான் செய்கிறது.

அப்புறம் நாகாஸ்திரம். கர்ணன் அர்ஜுனனின் தலைக்குக் குறிவைக்கிறான். சல்லியன் பார்த்துவிட்டு, 'இந்த அம்பு கழுத்தைத் தொடாது, சரியாகப் பார்த்து, தலையை அறுக்கும்படி தொடு' என்கிறான். கர்ணனின் கண் சிவக்கிறது. 'கர்ணன் இரண்டு முறை அம்பு தொடுப்பதில்லை' என்று விட்டுவிடுகிறான். கிருஷ்ணன் தேரை அழுத்த, அம்பு கிரீடத்தைக் கொண்டுபோகிறது. சல்லியன் சொன்னது சரியான யோசனை. சாரதி சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னான். காலையிலிருந்து குத்திக்கொண்டே வந்த வாயிலிருந்து இப்போது நல்ல யோசனை வந்தால் யார் நம்புவார்கள்? கர்ணனின் வீம்பு என்று இதைச் சொல்வார்கள். பாதி வீம்புதான். மீதிப் பாதி சல்லியன் விதைத்தது. அவனுடைய இரண்டாவது வாக்கு முதல் வாக்கைத் தின்றுவிட்டது இங்கேதான். அதற்காக உயிரைக் கொடுத்தவன் கர்ணன், சல்லியனின் இரண்டு வாக்குக்கும் சம்பந்தமில்லாதவன்.

தமிழில் நாம் கேட்டு வளர்ந்த கதையில், தன் பேச்சைக் கேட்காத கோபத்தில் சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். வியாசர் பாரதத்தில் கடைசி வரை இருக்கிறான். கர்ணன் விழுந்த பிறகு கொடியிழந்த வெறுந்தேரை ஓட்டிக்கொண்டு துரியோதனனிடம் திரும்புகிறான். 'இப்படி ஒரு போர் நடந்ததே இல்லை, விதி பாண்டவர் பக்கம் இருந்துவிட்டது' என்று சொல்லித் தேற்றுகிறான். எனக்கு இந்த வடிவம்தான் கனமாகப் படுகிறது. இறங்கிப் போவது எளிது.

அன்று இரவு, அடுத்த தளபதி யார் என்ற கேள்விக்கு அசுவத்தாமன் அவன் பெயரைச் சொல்கிறான், சொந்த மருமக்களை விட்டு நமக்காக வந்தவர் என்று புகழ்ந்து. சல்லியன் தளபதியாகிறான். துரியோதனன் அன்று மண்டபத்தில் கேட்டது இதைத்தான். பதினெட்டாம் நாள் பகலில் அவன் மனம் ஒரே பக்கம் நிற்கிறது. பாண்டவப் படை சிதறும் அளவுக்குப் போரிடுகிறான். தருமனிடம் கிருஷ்ணன் முந்தின இரவே சொல்லியிருந்தான்: 'மாமன் என்று இரக்கப்படாதே. பீஷ்மருக்கும் துரோணருக்கும் கர்ணனுக்கும் குறைந்தவன் இல்லை இவன். நீதான் கொல்ல வேண்டும்.' நகுலனும் சகாதேவனும் தங்கள் தாயின் அண்ணனை எதிர்த்து நிற்கிறார்கள். நடுப்பகலில், யாரிடம் 'தந்தேன்' என்று சொன்னானோ அந்தத் தருமன் எறிந்த வேல் அவன் மார்பைப் பிளக்கிறது. இரண்டு கைகளையும் விரித்தபடி தருமனைப் பார்த்தே விழுகிறான். அரை நாள் தளபதி.

போர் முடிந்து காந்தாரி களத்தைப் பார்க்க வருகிறாள். தன் நூறு பிள்ளைகளுக்காக அழுதவள் சல்லியனின் உடலைக் கிருஷ்ணனுக்குக் காட்டுகிறாள். பொன்னிறமான அவன் நாக்கு வெளியே வந்து கிடக்கிறது, அதைப் பறவைகள் கொத்தித் தின்கின்றன என்கிறாள். எத்தனையோ பிணங்கள் கிடந்த களத்தில் இவனுக்கு மட்டும் நாக்கைச் சொல்கிறார் வியாசர். கர்ணனின் தேரைப் பிடித்துக்கொண்டே பாண்டவர்கள் ஜெயிப்பதற்காக அவன் ஊக்கத்தைக் கொன்றவன் இவன்தான் என்றும் காந்தாரி சொல்கிறாள். ஆக, அந்த ரகசியம் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. அவனை அவள் சபிக்கவில்லை, திட்டவும் இல்லை. தன் மகனின் படைக்குத் தளபதியாக இருந்து செத்தவனை அவள் தளபதி என்று குறிப்பிடவில்லை. 'இதோ கிடக்கிறான் சல்லியன், நகுலனின் சொந்தத் தாய்மாமன்' என்றுதான் தொடங்குகிறாள்.

நன்றி. வணக்கம்.